அவல், எலா, தவ்கா: ஹீப்ருவில் ‘ஆனால்’ சொல்வது எப்படி?

ஹீப்ரு படிக்க ஆரம்பித்த புதிதில் ஒரு டம்ளர் காபி என்னை மாட்டிவிட்டது. “இது டீ இல்லை, காபி” என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என் பாடப்புத்தகம் ஆங்கில வழி. ஆங்கிலத்தில் இந்த வாக்கியத்தின் நடுவே ‘பட்’ வந்து உட்காரும். ‘பட்’ என்றால் ஹீப்ருவில் ‘அவல்’ என்று முதல் வாரமே மனப்பாடம் ஆகியிருந்தது. “ஸெ லோ தே, அவல் கஃபே” என்றேன். சொல்லிக்கொடுத்தவர் பதில் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் முடிக்கவில்லை என்று நினைத்துவிட்டார். டீ இல்லை, ஆனால் காபி... காபி என்ன? இருக்கிறதா, தீர்ந்துபோனதா, ஆறிப்போனதா?

சொல்ல வேண்டியது “ஸெ லோ தே, எலா கஃபே”. பேச்சில் அந்த ‘எலா’வைக்கூட விட்டுவிட்டு “ஸெ லோ தே, ஸெ கஃபே” என்று முடித்துவிடுவார்கள். நாமும் அப்படித்தானே சொல்கிறோம்? “இது டீ இல்லை, ஆனால் காபி” என்று நம் வீட்டில் யாராவது சொன்னால் நாமும் மீதி வாக்கியத்துக்குத்தான் காத்திருப்போம். ஆங்கிலத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு நொடி தமிழில் யோசித்திருந்தால் எனக்கு அந்தத் தடுமாற்றமே வந்திருக்காது.

இந்தக் கட்டுரை முழுக்க அதையேதான் செய்யப்போகிறோம். ஆங்கிலத்தில் முரணைக் காட்டும் சொற்றொடர் எது வந்தாலும், அதை ஹீப்ருவுக்கு நேராகத் தள்ளாமல், முதலில் தமிழில் எப்படிச் சொல்வோம் என்று பார்ப்பது. பெரும்பாலும் விடை அங்கேயே கிடைக்கும்.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. ஹீப்ருச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது எல்லா ஒலியும் அகப்படாது. ‘ஸெ’, ‘ஸோத்’ என்று நான் எழுதும் இடங்களில் வண்டு ரீங்கரிக்கிற மாதிரியான ஒலி வேண்டும். ‘ஹ’ சில சொற்களில் தொண்டையைச் செருமுவது போல வரும். ‘அவல்’ என்பதில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். குசேலர் முடிந்துகொண்டு போன அவலை நினைத்துக்கொண்டால் சொல் மறக்காது.

மறுத்துவிட்டு மாற்றுவதும், ஒத்துக்கொண்டு திரும்புவதும்

ஆங்கிலத்தின் ஒற்றை ‘பட்’டுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, சொன்னதை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு எதிர்த்திசையில் இன்னொன்றைச் சேர்ப்பது. “காபி சூடாக இல்லை, ஆனால் ருசியாக இருக்கிறது.” சூடு இல்லை என்பதும் உண்மை, ருசி என்பதும் உண்மை. இதற்கு அவல்: “ஹகஃபே லோ ஹம், அவல் தாயிம்.”

இன்னொன்று, ஒன்றை நீக்கிவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைப்பது. டீ போய்விட்டது, காபி வந்துவிட்டது. இதற்கு எலா. எலா வர வேண்டுமானால் அதற்கு முன்னால் கட்டாயம் ஒரு மறுப்பு இருக்க வேண்டும், பெரும்பாலும் ‘லோ’. “அவர் டாக்டர் அல்ல, நர்ஸ்” என்பது “ஹூ லோ ரோஃபே, எலா அஹ்”. ஆண் நர்ஸுக்கு ஹீப்ருவில் ‘அஹ்’ என்றுதான் பெயர். சகோதரனுக்கும் அதே சொல்.

ஜெர்மன் படித்தவர்களுக்கு ‘ஆபர்’, ‘ஸோண்டர்ன்’ என்ற பிரிவும், ஸ்பானிஷ் படித்தவர்களுக்கு ‘பெரோ’, ‘ஸினோ’ என்ற பிரிவும் நினைவுக்கு வரும். இதுவும் அதே பிரிவுதான். ஆங்கிலம்தான் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டது. “இது மட்டுமல்ல, அதுவும்” என்பதற்கும் எலாதான் வரும்: “லோ ரக் தாயிம், எலா கம் ஸோல்”, ருசி மட்டுமல்ல, மலிவும்கூட.

மூன்றாவதாக ஒரு ‘பட்’டும் ஆங்கிலத்தில் உண்டு. ‘என்னைத் தவிர எல்லாரும் வந்தார்கள்’ என்பதையும் அந்தச் சொல்லை வைத்தே சொல்வார்கள். அங்கே அவலும் வராது, எலாவும் வராது. ‘வெளியே’ என்று பொருள் தரும் ‘ஹூட்ஸ்’ வரும்: “கூலம் பாஉ ஹூட்ஸ் மிமேனி.” இதில் குழம்ப ஒன்றுமில்லை.

எலாவின் பிறப்பைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஒரு சின்ன சந்தோஷம். அது அராமிய மொழியிலிருந்து ஹீப்ருவுக்கு வந்த சொல். ‘இன்’ என்றால் ‘ஆகில்’, ‘லா’ என்றால் ‘இல்லை’. இரண்டும் ஒட்டிக்கொண்டு எலா ஆனது. அச்சு அசலாக நம்முடைய ‘இல்லையேல்’. நம் ‘ஆனால்’ மட்டும் என்ன? ‘ஆகு’ என்ற வினையின் நிபந்தனை வடிவம்தானே, ‘போனால்’, ‘வந்தால்’ மாதிரி. ஒரு காலத்தில் ‘அப்படி ஆகுமானால்’ என்றிருந்தது, பேசிப் பேசித் தேய்ந்து வெறும் எதிர்மறைச் சொல்லாக நிற்கிறது. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் முரணைச் சொல்ல நிபந்தனையிலிருந்தே கச்சாப்பொருளை எடுத்திருக்கின்றன.

இதைவிடத் துல்லியமாக ஒத்துப்போவது ‘கம் இம்’. ‘இம்’ என்றால் நிபந்தனை, நம் ‘-ஆல்’. ‘கம்’ என்றால் நம் ‘-உம்’. ஆக ‘கம் இம்’ என்பது ‘-ஆலும்’. “மழை பெய்தாலும் வருவேன்” என்பதைப் பிரித்தால் ‘பெய்தால்’ கூட ஓர் ‘உம்’. “கம் இம் யெரெத் கெஷெம், அனி ஆவோ.” ஒரே வித்தியாசம், நாம் வினையின் வாலில் ஒட்டுவதை அவர்கள் வாக்கியத்தின் தலையில் வைக்கிறார்கள். இந்தத் தலைவால் மாற்றம் கைக்கு வந்துவிட்டால் பாதி ஹீப்ரு வாக்கிய அமைப்பு வந்த மாதிரி.

ஒரே எழுத்து செய்த கலகம்

பழைய ஹீப்ருவில் முரணைக் காட்டத் தனிச் சொல்லே தேவைப்படாத இடங்கள் ஏராளம். ‘வெ’ என்று சொல்லின் முன்னால் ஒட்டிக்கொள்ளும் ஓர் எழுத்து போதும். அது ‘-உம்’ ஆகவும் இருக்கும், ‘ஆனால்’ ஆகவும் இருக்கும். எது என்று இடம் பார்த்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

பைபிளின் உன்னதப்பாட்டு முதல் அதிகாரம், ஐந்தாம் வசனம். பெண் தன்னைப் பற்றிச் சொல்கிறாள்: “ஷெஹோரா அனி வெநாவா.” சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘கறுப்பு நான், வெ அழகு’. பழைய லத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தாவில் இது ‘கறுப்பு, ஆனால் அழகு’ என்று ஆனது. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் ‘ஆனால்’தான். நம் தமிழ் பைபிளும் அந்த வழியில்தான் போகிறது: “கறுப்பாயிருந்தாலும் அழகாயிருக்கிறேன்.” ஆனால் அதற்கெல்லாம் முந்திய கிரேக்க மொழிபெயர்ப்பில் வெறும் ‘உம்’தான் இருக்கிறது. 1989-இல் வந்த ஓர் ஆங்கிலப் பதிப்பும் ‘கறுப்பும் அழகும்’ என்றே திருப்பிப்போட்டது.

மூல வரியில் அந்த ‘இருந்தாலும்’ எழுதப்பட்டிருக்கவில்லை. அடுத்த வசனத்தில் அவள் ‘நான் கறுப்பாயிருப்பதைப் பார்க்காதீர்கள், வெயில் பட்டது’ என்று சொல்வதால் முரண் இருக்கத்தான் செய்கிறது என்று வாதிடலாம். வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், கறுப்புக்கும் அழகுக்கும் நடுவே ‘ஆனாலும்’ போடுகிற கை, மொழியின் கையாக மட்டும் இருப்பதில்லை. ஓர் எழுத்துக்கு எந்தத் தமிழை வைக்கிறோம் என்பதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று காட்ட இதைவிட நல்ல வரி எனக்குத் தெரியாது.

பைபிள் பக்கம் வந்துவிட்டதால் இன்னொன்று. இன்று ‘ஆனால்’ என்று பொருள்படும் அதே அவல், ஆதியாகமத்தில் ‘மெய்யாகவே’ என்ற பொருளில் வருகிறது. எகிப்தில் மாட்டிக்கொண்ட யோசேப்பின் அண்ணன்மார் ஒருவரையொருவர் பார்த்து “அவல் அஷேமிம் அனஹ்னு” என்கிறார்கள். ‘ஆனால் நாம் குற்றவாளிகள்’ என்று படித்தால் தப்பு. ‘மெய்யாகவே நாம் குற்றவாளிகள்’. யோம் கிப்பூர் நாளில் யூதர்கள் சொல்லும் பாவ அறிக்கையில் இன்றும் “அவல் அனஹ்னு” என்ற தொடர் இதே பழைய பொருளில் நிற்கிறது. புதிய பொருளும் பைபிளின் பிற்கால நூல்களிலேயே தலைகாட்டிவிடுகிறது.

மழையை மீறி

‘மழையிலும் சுற்றப் போனோம்’ என்பதற்கு ஹீப்ருவில் ‘லம்ரோத்’ வேண்டும். “லம்ரோத் ஹகெஷெம், யட்ஸானு லெதியூல்.” பெயர்ச்சொல்லின் முன் நேராக வரும். முழு வாக்கியம் வந்தால் நடுவில் ‘ஷெ’ சேர்க்க வேண்டும்: “லம்ரோத் ஷெயரத் கெஷெம்”, மழை பெய்தும்கூட. இந்த ‘ஷெ’யை விட்டுவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. நானும் நிறைய விட்டிருக்கிறேன்.

லம்ரோத்தின் வேர் ‘எதிர்த்து நில், கலகம் செய்’ என்று பொருள் தரும் வினை. பைபிளின் ஏசாயா நூலில் அந்தச் சொல் வரும்போது அசல் கலகமாகவே வருகிறது, கடவுளின் கண்ணெதிரே அவரை எதிர்ப்பது. பிறகுதான் ‘இருந்தும்’ என்று இளைத்தது. நாம் “மழையையும் மீறிப் போனோம்” என்கிறோமே, அந்த ‘மீறி’ இதற்கு நெருங்கிய ஜோடி.

இதே வேலைக்கு இன்னொரு தொடர்: ‘அஃப் அல் பி ஷெ’. கொஞ்சம் எழுத்து நடை. இதோடு ஒட்டியது ‘அஃப் அல் பி ஹேன்’, அதாவது ‘அப்படி இருந்தும்’. ஹீப்ருவில் இதற்கு ஒரு தனிக் கம்பீரம் உண்டு. பூமி அசைவதாகச் சொன்னதற்காக 1633-இல் விசாரிக்கப்பட்ட கலிலியோ, தன் கூற்றைத் திரும்பப் பெற்ற கையோடு ‘இருந்தும் அது நகரத்தான் செய்கிறது’ என்று முணுமுணுத்ததாக ஒரு கதை. நடந்திருக்க வாய்ப்பு குறைவு என்றாலும் வாசகம் உலகம் சுற்றிவிட்டது. ஹீப்ருவில் அது “அஃப் அல் பி ஹேன், நோஆ தனூஆ”. கடைசி இரண்டு சொற்களும் ஒரே வினையின் இரட்டிப்பு. ஏதேன் தோட்டத்தில் ‘சாகவே சாவாய்’ என்று தமிழ் பைபிளில் படித்திருப்போமே, அதே அமைப்பு. ‘இருந்தும், நகரவே நகரும்.’

ஒரு கப்பலுக்கே இந்தத் தொடரைப் பெயராக வைத்தார்கள். 1947-இல் யூத அகதிகளை ஏற்றிக்கொண்டு இத்தாலியிலிருந்து பாலஸ்தீனம் நோக்கிப் போன கப்பல் அது. உள்ளே விட மறுத்த பிரிட்டிஷார் வழிமறித்து, பயணிகளை சைப்ரஸ் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அந்த ‘அஃப் அல் பி ஹேன்’ இப்போது ஹைஃபா நகர அருங்காட்சியகம் ஒன்றில், தரையில் ஏற்றி நிறுத்தப்பட்டிருக்கிறது. ஒரு இணைப்புச் சொல்லைக் கப்பலின் பெயராக வைக்கலாம் என்று தோன்றியது ஹீப்ருக்காரர்களுக்கு.

அன்றாடப் பேச்சில் இவ்வளவு விறைப்பு வேண்டாம். ‘பெஹோல் ஸோத்’ போதும். சொல்லுக்குச் சொல் ‘இது எல்லாவற்றிலும்’. நம் ‘இத்தனைக்கும்’ அல்லது ‘என்ன இருந்தாலும்’. “என்ன இருந்தாலும் அவர் என் அப்பா” என்று சொல்ல வேண்டுமா? “பெஹோல் ஸோத், ஹூ அபா ஷெலி.”

ஆங்கிலப் பேச்சில் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் ‘தோ’ ஒன்று இருக்கிறது. ‘விலை அதிகம். நல்லா இருக்கு, தோ’ என்கிற மாதிரி. ஹீப்ருவில் அதைக் கடைசியில் வைக்க இடமில்லை. அங்கே ‘ஓம்நம்’ கைகொடுக்கும்: “ஸெ ஓம்நம் யகார், அவல் தோவ்.” ஓம்நம் முதல் பாதியை ஒத்துக்கொள்கிறது, அவல் திரும்புகிறது. “விலை என்னவோ அதிகம்தான், ஆனால் நல்ல பொருள்.” அந்த ‘என்னவோ... தான்’ அப்படியே ஓம்நம். தமிழில் ‘தான்’ விழுந்தாலே அடுத்து ஒரு ‘ஆனால்’ வரப்போகிறது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். ஓம்நம் கேட்ட இஸ்ரேலியரும் அவலுக்குத் தயாராகிவிடுவார்.

பேப்பர் மொழி, பக்கங்கள், ஒரு ‘ஓ’

செய்தித்தாள் படிக்கத் தொடங்கினால் அவல் குறைந்து ‘அஹ்’, ‘ஊலாம்’ இரண்டும் கூட்டமாக வரும். பொருள் ஒன்றுதான், உடை வேறு. நாம் பேச்சில் ‘ஆனா’ என்று சொல்லிவிட்டு எழுதும்போது ‘எனினும்’, ‘ஆயினும்’ போடுவது போல. ‘அஹ்’ காதுக்கு, மேலே சொன்ன ஆண் நர்ஸிலிருந்து வேறுபடாது, எழுத்தில்தான் வித்தியாசம். ‘ஊலாம்’ எழுத்திலும் வேறுபடாது, மண்டபத்துக்கும் அதே எழுத்துகள்தான். ‘ஊலாம் ஹதுனோத்’ என்று பலகை பார்த்தால் அது கல்யாண மண்டபம். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஊலாம் போட்டுப் பேசினால் தவறில்லை. ‘எனினும், தாங்கள் உப்புச் சற்று கூடுதலாக இட்டுவிட்டீர்கள்’ என்று பேசின மாதிரி இருக்கும்.

ஆங்கிலத்தில் ‘மறு கையில்’ என்று சொல்வார்கள். ஹீப்ருவில் கை வராது, பக்கம்தான் வரும்: ‘மிட்ஸத் எஹாத்... மிட்ஸத் ஷெனி’. ஒரு பக்கம், இன்னொரு பக்கம். தமிழருக்கு இதில் விளக்கவே ஒன்றுமில்லை. கொஞ்சம் கெத்தாக எழுத நினைப்பவர்கள் அராமியத்தில் ‘மெஹத் கிஸா... மெஇதாஹ் கிஸா’ என்பார்கள். அதுவும் பக்கம்தான்.

இரண்டு பேரை அருகருகே நிறுத்தி வேறுபாட்டைக் காட்ட ஆங்கிலம் ‘வைல்’ என்று நேரத்தைக் குறிக்கும் சொல்லைக் கடன் வாங்கும். அதை நம்பி ஹீப்ருவில் ‘பிஸ்மான் ஷெ’ என்று போட்டால் ‘அந்த நேரத்தில்’ என்றே பொருள் வரும். வேண்டியது ‘வெஇலூ’: “அஹோதி காரா பெஹைஃபா, வெஇலூ அனி கார் பிருஷலாயிம்.” என் அக்கா ஹைஃபாவில் இருக்கிறாள், நானோ ஜெருசலேமில். (அக்காவா தங்கையா என்பதை ஹீப்ரு சொல்லாது. அந்த இடத்தை நானே நிரப்பிக்கொண்டேன்.) ‘நானோ’ என்பதில் ஒட்டியிருக்கும் அந்த ‘ஓ’தான் வெஇலூ.

தவ்கா

இதை வைத்தே இஸ்ரேலியர்கள் பெருமை அடித்துக்கொள்வார்கள், மொழிபெயர்க்கவே முடியாத சொல் என்று. ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்க முடியாது என்பது உண்மை. தமிழுக்கு முடியும். மூன்று நான்கு துண்டுகளாக, ஆனால் ஒவ்வொரு துண்டும் கச்சிதமாக.

சொல் அராமியம். யூதர்களின் பழைய சட்ட, சமய விவாதத் தொகுப்பான தல்மூத்தில் ‘துல்லியமாக இதுவே, வேறெதுவும் அல்ல’ என்ற பொருளில் புழங்கியது. அந்தத் துல்லியத்தில் எதிர்பார்ப்புக்கு மாறானது என்ற வாசனை எப்படியோ ஏறிக்கொண்டது.

துவைத்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்தால் தூறல் விழுகிறது. “தவ்கா ஹயோம் யோரெத் கெஷெம்!” நாம் என்ன சொல்வோம்? “இன்னிக்குன்னு பார்த்து மழை!” அந்த ‘பார்த்து’தான் தவ்கா.

நண்பர் சமைத்ததைத் தயங்கித் தயங்கி வாயில் வைக்கிறீர்கள். மோசமாக இருக்கும் என்று நினைத்தது, இல்லை. “ஸெ தவ்கா தாயிம்.” அட, நல்லாத்தானே இருக்கு! இங்கே தவ்கா என்பது ‘தானே’. ‘அட’வையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளலாம்.

தம்பி கூப்பிடக் கூப்பிட டிவி சத்தத்தைக் கூட்டுகிறான். “ஹூ ஓஸே லி தவ்கா.” வேணும்னே பண்றான்.

யாரோ “சென்னைக்காரங்க எல்லாருக்கும் காரம் பிடிக்கும்ல?” என்கிறார். பதில் “லாவ் தவ்கா”. அப்படித்தான்னு இல்லை. ‘லாவ்’ என்பது ‘இல்லை’. மிச்சம் அந்தத் ‘தான்’. பாருங்கள், மறுபடியும் தான்.

ஆங்கில நூல்கள் இந்தச் சொல்லுக்கு ஒரு பக்கம் விளக்கம் எழுதிவிட்டு ‘போகப் போகப் புரியும்’ என்று முடித்துக்கொள்ளும். தமிழ்ப் பிள்ளைக்குப் போகவே வேண்டாம், வரும்போதே கொண்டுவந்தாயிற்று. ஒரு எச்சரிக்கை மட்டும்: சொல் இனிக்கிறது என்று எல்லா இடத்திலும் தூவக் கூடாது. எதிர்பார்ப்பு ஒன்று முன்னால் இருந்திருக்க வேண்டும். விருந்துக்கு அழைத்தவரின் சாப்பாட்டை ‘தவ்கா தாயிம்’ என்று பாராட்டினால், நன்றாக இருக்காது என்று நினைத்துத்தான் வந்தேன் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டீர்கள்.

முரணே காணாமல் போகும் ஒன்று

மேடையில் பேச்சாளர்களை அறிமுகம் செய்கிறவர் கடைசி ஆளிடம் வரும்போது ஆங்கிலத்தில் ‘கடைசி, ஆனால் குறைந்தவரல்ல’ என்பார். அதில் ‘பட்’ இருக்கிறது, மறுப்பு இருக்கிறது. எலா போடலாமா, அவல் போடலாமா என்று இத்தனை தூரம் படித்தவருக்குக் கை அரிக்கும். இரண்டும் வேண்டாம். இஸ்ரேலில் அந்த இடத்தில் “அஹரோன் ஹவீவ்” என்று சொல்வார்கள். கடைசியாள், செல்லம். அவ்வளவுதான்.

இதன் பின்னால் ஆதியாகமக் கதை ஒன்று இருக்கிறது. யாக்கோபு பல வருடம் கழித்து அண்ணன் ஏசாவைப் பார்க்கப் போகிறான். அண்ணன் 400 ஆட்களோடு வருகிறான், என்ன செய்வானோ என்று பயம். குடும்பத்தை வரிசையாக நிறுத்துகிறான். முன்னால் பணிப்பெண்களும் அவர்கள் பிள்ளைகளும், அடுத்து லேயாளும் அவள் பிள்ளைகளும், எல்லாருக்கும் பின்னால் ராகேலும் யோசேப்பும். வரிசையில் எவ்வளவு பின்னால் நிற்கிறார்களோ அவ்வளவு பிரியம் என்று யூத விளக்கவுரைகள் இதைப் படித்தன. அங்கிருந்து வந்த தொடர்தான் அது. தமிழில் அந்தப் பேச்சாளருக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். மேடைக்குப் பொருந்துமா தெரியவில்லை, வீட்டில் நாம் அவரைக் கடைக்குட்டி என்போம்.